ஆடாத பலகை

ஜனவரி 5, ஞாயிறு

தூத்துக்குடியில் யாருக்காவது பல் செட் வாய்க்குள் ஆடுகிறது என்றால் அது என் கை வேலை இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். முப்பது வருஷமாக டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புகிறார்கள், நான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து செட் செய்து அனுப்புகிறேன். ஆடுகிறது என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கோபம் வந்தால் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் ஆறும். இன்று ஆறவில்லை.

மத்தியானம் சாளை மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே இவர் சொன்னார். "ஸ்டெல்லாவ குடுத்துட்டேன் செல்மா. இருவத்தேழாம் தேதி லாரி வருது."

ஸ்டெல்லா பதினாலடிப் பாய்மரப் படகு. எனக்குச் சக்களத்தி. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே இவர் வாங்கியது. ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அவளிடம் போய்விடுவார். படகு கிளப்பில் மாதம் ஒரு பந்தயம் நடக்கும். ரெமிஜியுஸ் மிராந்தா என்றால் முதல் அல்லது இரண்டாவது. ஆபீசில் சரக்குச் சீட்டுகளுக்கு நடுவில் முதுகு வளைந்து உட்காரும் மனிதர், கப்பை வாங்கி வரும் நாளில் மட்டும் நிமிர்ந்து நடப்பார்.

இப்போது யாருக்குக் கொடுத்திருக்கிறார் தெரியுமா? மதுரை பைபாஸில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஒருவருக்கு. வாசலில் நிறுத்தி, பாயில் கடைப் பெயர் எழுதி, சுற்றிலும் சீரியல் லைட் போடுவாராம்.

"கிளப்புல நம்ம பெப்பின் ரெண்டு தடவ கேட்டாம்லா. அவனுக்குக் குடுத்தா கடல்லயாவது கெடக்கும்" என்றேன்.

"அவனுக்கு வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். எனக்கும் வயசாச்சு. போதும்."

வயசு ஐம்பத்தேழு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசன் முழுக்கத் தோற்றார், அதுதான் விஷயம். 2023இல் பன்னிரண்டு பந்தயம். அந்த வருஷம் நான் கூடவே போய்க் கரையில் ஃபிளாஸ்க்கோடு நின்றேன். கடைசி, கடைசிக்கு முன்னால், மறுபடி கடைசி. போன வருஷம் படகைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. ஒரு தடவையாவது நன்றாக ஓட்டிவிட்டு விற்கட்டும் என்றுதான் எனக்கு. இருபத்தாறாம் தேதி குடியரசு தினப் பந்தயம் இருக்கிறது. அதைச் சொன்னதும் இவர் கையைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

சக்களத்தி போகிறாள் என்றால் நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஜனவரி 6, திங்கள்

மேல்வரிசைப் பல் செட் மூன்று. ஒரு வக்கீல் அம்மாவுக்கு முழு செட். இவரோடு பேச்சில்லை.

ஜனவரி 8, புதன்

விற்கிற பொருளாக இருந்தாலும் அழுக்காகக் கொடுக்க மாட்டேன். வாளி, பிரஷ், சோப்புத்தூளோடு கிளப்புக்குப் போனேன். வாட்ச்மேன் பிச்சையா கொட்டகையைத் திறந்துவிட்டார். மேலே எலி எச்சம், உள்ளே மழைத் தண்ணீர். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

கழுவி முடித்துவிட்டுப் பலகையை இறக்கிப் பார்க்கலாம் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அசையவில்லை.

இந்தப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். படகின் நடு வயிற்றில் குறுகலான ஒரு உறை இருக்கிறது. அதற்குள் ஒரு பலகை, ஒரு முனையில் போல்ட்டில் மாட்டி, கத்தியை மடக்கி வைத்தது போலக் கிடக்கும். சென்டர்போர்டு என்பார்கள். எதிர்காற்றில் போகும்போது அதைத் தண்ணீருக்குள் முழுசாக இறக்கினால்தான் படகு முன்னால் போகும், இல்லாவிட்டால் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பலகையைச் செய்ததே நான்.

2022 டிசம்பரில் எங்கள் கல்யாண வெள்ளி விழா. அதற்கு முன்பு பழைய பலகை பிளந்துபோயிருந்தது. இவருக்குப் பரிசாக இருக்கட்டும் என்று தச்சரிடம் ப்ளைவுட்டை அறுத்து வாங்கி, அதன் மேல் ஃபைபர் துணியும் ரெசினும் ஏழு அடுக்கு வைத்து, செட்டுக்குப் போடுகிற மாதிரியே பாலிஷ் போட்டேன். முகம் தெரியும். உறைக்குள் மாட்டினபோது ஒரு தாள்கூட இடுக்கில் நுழையவில்லை. கிளப்பில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆட்டிப் பாருங்கள், ஆடாது என்று சொன்னேன். ஆட்டிப் பார்த்தார்கள், ஆடவில்லை.

"மழைல ஊறிருக்கும்மா" என்றார் பிச்சையா. சிப்பி, மணல் என்று ஏதாவது இடுக்கில் சிக்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் வேலையில் கோளாறு இருக்க வழியில்லை.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "கெடக்கட்டும் விடு. சோத்துக்கடைக்காரருக்கு அது என்னத்துக்கு?" என்றார். பதில் தயாராக வைத்திருந்தது போல வந்தது.

ஜனவரி 10, வெள்ளி

காலையில் வேலையை முடித்துவிட்டுப் போனேன். பெப்பினும் பிச்சையாவும் படகைப் பழைய டயர்களின் மேல் பக்கவாட்டில் சாய்த்துக் கொடுத்தார்கள். பெப்பின் இவருக்குப் பத்து வயது இளையவர், கிளப்பில் இப்போது முதலில் வருகிற ஆள். இடுக்கில் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். வாஸ்லின் தடவினேன். கட்டையை வைத்து மேலேயிருந்து தட்டினேன். எலும்புக்குள் படுத்துக்கிடக்கும் கடைவாய்ப் பல் போல, எனக்கென்ன என்று கிடந்தது.

பெப்பின் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "செல்மாக்கா, தப்பா நினைக்காதிய. நான் படகக் கேட்டப்ப ரெமி அண்ணன் மூஞ்சியே குடுக்கல. அதுக்கு முந்தின வருசம் எந்தம்பியையும் எறக்கிவிட்டாக. பதினெட்டு வருசம் அவுக கூடப் பாய் பிடிச்சவன். தனியாத்தான் ஓட்டுவேன்னுட்டாக. ரெண்டு பேர் ஓட்டுத படகத் தனியா ஓட்டுனா பின்ன எப்படி ஜெயிக்க?"

இவர் தனியாக ஓட்டியதைக் கரையில் நின்று பார்த்தவள்தான் நான், பெப்பின் தம்பிதான் வராமல் நின்றுகொண்டான் என்று நினைத்திருந்தேன். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வயசாக ஆக மனிதருக்குத் தலைக்கனம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். தலைக்கனத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா.

ஜனவரி 11, சனி

இரண்டு விரல் முட்டியில் தோல் போய்விட்டது. இவர் மருந்து போட்டுவிட்டார், எப்படி என்று கேட்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பூசை முடிந்து நான் கிளப்புக்குப் போகிறேன் என்றதும் இவரும் வந்தார். வந்தவர் உதவி செய்வார் என்று பார்த்தால், சாய்ந்து கிடந்த படகுக்கும் எனக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"அந்தப் பலகையத் தொடாத செல்மா."

"ஏன், நான் செஞ்ச பலகைய நான் தொடக் கூடாதா?"

"தொடாதங்கேன்லா. இன்னும் பதினஞ்சு நாளு. போவட்டும் சவம்."

ஸ்டெல்லாவைச் சவம் என்று இவர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். இருபத்தேழு வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தியதும் இன்றுதான். கோபத்தைவிட வேறு எதுவோ முகத்தில் இருந்தது. ஏதோ ஒரு அலமாரியை நான் திறந்துவிடுவேன் என்று பயப்படுகிறவர் போல நின்றார்.

பயந்தால் நான் விட்டுவிடுவேனா? இவருக்கு என் கைமேல் நம்பிக்கை இல்லை, உடைத்துவிடுவேன் என்று நினைக்கிறார். காட்டுகிறேன்.

பழைய ஞாபகம் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தோற்ற வருஷத்தின் கடைசியில் பெப்பின் மகள் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கின நாள், புதுநன்மை விருந்து. பந்தியில் யாரோ பந்தயத்தைப் பற்றிக் கேட்டார்கள். நான்தான் சொன்னேன், "எங்க வீட்டுல கடைசியா வாறதுக்குன்னே ஒரு ஆளு இருக்கு. மத்த படகெல்லாம் கரை சேந்தாச்சான்னு எண்ணிட்டுத்தான் வருவாக." பந்தி முழுக்கச் சிரித்தது. இவரும் சிரித்தார். அதற்கப்புறம் இவர் ஒரு நாளும் கடலுக்குப் போகவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் எழுதவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை கிழக்குப் பக்கம் பொங்கியது. எனக்கு நல்ல சகுனம். இவருக்கு இரண்டு கரண்டி அதிகம் வைத்தேன், கோபம் கோபமாகவே இருக்கட்டும் என்று.

ஜனவரி 15, புதன்

எடுத்துவிட்டேன்.

பிச்சையா கூட இருந்தார். முதலில் பலகையின் மூலையில் இருக்கிற போல்ட். துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து, சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி வெளியே தள்ளினேன். பிறகு பெட்டி கட்டுகிற இரும்புப் பட்டையில் ஒரு முழம் எடுத்து, ஓரத்தை அரத்தால் மழித்து, உறைக்கும் பலகைக்கும் நடுவில் நுழைத்து ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தேன். பின்பக்கம் சுலபமாகப் போனது. முன்பக்கம் ஒரு இடத்தில் நின்றது. அங்கே கை வலிக்க வலிக்க இழுத்தேன். பன்னிரண்டே காலுக்கு ஒரு முனகல் கேட்டது. பலகை இரண்டு விரற்கடை நகர்ந்தது. பிச்சையா கீழேயிருந்து பிடித்து இழுக்க, மொத்தமாக வெளியே வந்து அவர் மடியில் விழுந்தது.

"எந்த ஆம்பளையும் இதச் செஞ்சிருக்க மாட்டாம்மா" என்றார். ஒத்துக்கொண்டேன்.

இடுக்கில் சிப்பி இருக்கும், சேறு இருக்கும் என்று பார்த்தேன். ஒரு கைப்பிடி மணல்கூட இல்லை. அப்புறம் பலகையைத் திண்டில் சாய்த்துவைத்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன்.

பலகையில் ஒரு கோடு இருந்தது.

மீதியை இன்று எழுத முடியவில்லை.

ஜனவரி 16, வியாழன்

இரண்டு செட் கடிப்புச் சரிபார்த்தேன். மூன்றாவதைத் தொடவில்லை. நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

பழைய செட் ஒன்றைக் கையில் கொடுத்தால், அதை மாட்டியிருந்தவர் எந்தப் பக்கம் மெல்லுவார், தூக்கத்தில் பல்லைக் கடிப்பாரா, எல்லாம் தேய்மானத்தைப் பார்த்தே சொல்லுவேன். தேய்மானத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

கோடு பலகையின் குறுக்கே சாய்வாக ஓடியது. கோட்டுக்குக் கீழே பாலிஷ் மங்கி, உப்பு அரித்து, மணல் உரசின கீறல்கள். கோட்டுக்கு மேலே நான் போட்ட பாலிஷ் போட்டபடி இருக்கிறது. அதில் என் முகம் தெரிந்தது. பலகை முழுசாக இறங்கியிருந்தால் அந்தக் கோடு மேலே, போல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அது பாதியில் நிற்கிறது. ஒரே ஒரு கோடு. அதாவது அந்தப் பலகை ஒரு நாள்கூடப் பாதிக்கு மேல் இறங்கியதே இல்லை. காய்ந்திருந்தபோது ஒரு தாள் நுழையாமல் பொருந்தியது, தண்ணீரில் ஊறியதும் உறைக்குள் கடித்துக்கொண்டது. ஊறுகிற பொருளுக்கு இடம் விட வேண்டும் என்று ஒரு தச்சனுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. இடம் விடுவதை நான் முப்பது வருஷமாகக் குற்றம் என்று நினைத்துத்தான் வேலை செய்கிறேன்.

பாதிப் பலகையோடு எதிர்காற்றில் பன்னிரண்டு பந்தயம். அதனால்தான் கடைசி. கூட வந்தால் தெரிந்துவிடும் என்றுதான் பெப்பின் தம்பியை இறக்கிவிட்டிருக்கிறார். வாங்கி ஓட்டினால் முதல் நாளே தெரிந்துவிடும் என்றுதான் பெப்பினுக்கு இல்லை என்றிருக்கிறார். பலகை இறங்குகிறதா என்று கேட்காத ஆள் இந்த உலகத்தில் மீன் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர்தான்.

நான் பந்தியில் உட்கார்ந்து சிரிக்க வைத்தேன்.

ஜனவரி 18, சனி

பலகையை ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் நீளமாகக் கிடத்தினேன். இவர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார், மேசையைப் பார்த்தார், மறுபடி செருப்பை மாட்டப் போனார்.

"உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார்.

"இது எப்பலேருந்து பாதியில நிக்கி?"

"மழைல ஊறி..."

"மழைய விடுங்க. கோடு சொல்லுது. நீங்களும் சொல்லுங்க."

மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். "மொத வாரம் நல்லாத்தான் இருந்துச்சு, கரையில. தண்ணில போட்டதும் பாதியில நின்னுட்டு."

"பன்னெண்டு பந்தயம்."

"பதினொண்ணு. ஆகஸ்டுல காத்தே இல்ல, ரத்து பண்ணிட்டாக."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஒரு வார்த்த சொன்னா என்ன? ரெண்டு நாள்ல சரி பண்ணிருப்பேன்லா."

"எடுத்துச் செதுக்குனா பெப்பினுக்குத் தெரியும். செல்மா செஞ்சது கடிக்குதுன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், ஊரே சொல்லும். உனக்கு அது ஆவாது." விரிப்பின் ஓரத்தை மறுபடி மடித்தார். "அதுவுமில்ல. இருவத்தஞ்சு வருசமா நீ அந்தப் பக்கம் வந்ததே இல்ல. இந்தப் பலகைய மாட்டுன பெறகு ஒவ்வொரு வாரமும் ஃபிளாஸ்க்க தூக்கிட்டு வந்து நின்ன. சொன்னா வராம இருந்துருவியோன்னு நெனச்சேன்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒரு கப்புக்காக முதுகை நிமிர்த்துகிற மனிதர், ஒரு வருஷம் முழுக்க என் பெயருக்காகக் கடைசியாக வந்திருக்கிறார். நான் ஒரு ஃபிளாஸ்க்கோடு கரையில் நிற்பதற்காக. இவரை நினைத்து இவ்வளவு பெருமை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வெட்கமும் கூடவே வந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

திரும்பி வந்து சொன்னேன். "இத நான் செதுக்கப் போறேன். நீங்க கூட இருக்கணும்."

"ஏளா, பாலிஷ் போயிருமே."

"போவட்டும்."

ஜனவரி 19, ஞாயிறு

செட் வாயில் எங்கே கடிக்கிறது என்று பார்க்க நாங்கள் ஒரு நீலத் தாள் வைத்திருக்கிறோம். பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னால், அதிகமாக அழுத்துகிற இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் தேய்த்து ராவினால் போதும். அந்தத் தாளில் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன். படகுக்காரர்கள் யாரும் இதற்கு முன்னால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

பலகையை ஊற வைத்துவிட்டு, உறையின் இரண்டு சுவரிலும் தாளை ஒட்டி, உள்ளே தள்ளி, இறக்கி, வெளியே எடுத்தோம். நாலே இடத்தில் நீலம். எல்லாம் முன்பக்கத் தலைப்பகுதியில், இரும்புப் பட்டை நின்ற அதே இடத்தில். பல் ராவுகிற கை மோட்டாரால் ராவினேன். மறுபடி தாள், மறுபடி ராவல். பதினோரு தடவை. நானே ஏழு அடுக்கு வைத்த வேலை தூசியாகப் பறந்து என் தலையிலேயே விழுந்தது. வலித்தது. ஆனால் எங்கே எவ்வளவு என்று மயிரிழை சுத்தமாகக் கண்டுபிடித்தது என் தாள்தான், அதையும் எழுதிவைக்கிறேன்.

இவருக்கு ஆணி அடிக்கவும் வராது. கொட்டகை வாசலில் போய் நின்றுகொண்டு, பெப்பின் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தால் இருமுவாராம். இரண்டு தடவை இருமினார், இரண்டு தடவையும் நாய்.

ஜனவரி 21, செவ்வாய்

ராவின இடத்தில் ரெசின், மெல்லியதாக ஒரே பூச்சு. இந்தப் பக்கம் ஒரு தீக்குச்சி, அந்தப் பக்கம் ஒரு தீக்குச்சி நுழைகிற இடம் விட்டிருக்கிறேன். பார்க்கவே கூசுகிறது.

ஜனவரி 22, புதன்

பலகையை மாட்டித் தண்ணீரில் இறக்கினோம். கயிற்றை விட்டதும் டொக்கென்று முழுசாக இறங்கியது. இழுத்தால் ஏறியது. மறுபடி விட்டால் மறுபடி டொக். இவர் சின்னப் பிள்ளை மாதிரி ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தார்.

"கடகடன்னு ஆடுது" என்றார்.

"ஆடட்டும்."

இந்த வார்த்தையை என் வாழ்க்கையில் இன்றுதான் சொன்னேன்.

ஜனவரி 23, வியாழன்

இருபத்தாறாம் தேதி ஓட்டுகிறாராம். "மதுரைக்காரருக்கு வாக்கு குடுத்துட்டேன். கடைசியா ஒண்ணு ஓட்டிட்டுக் குடுத்துருதேன்" என்றார். நான் கேட்டது அதுதானே, சரி என்றேன். சரி என்றாலும் மனசு கேட்கவில்லை.

"கூட யாரு? பெப்பின் தம்பியக் கூப்பிடுங்க."

"அவன் இப்ப வேற படகுல இருக்கான்." மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "நீ வாறியா?"

கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு நீச்சல் தெரியாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

பழகக் கடலுக்குப் போனோம். படகு திரும்பும்போது பாயைத் தாங்குகிற குறுக்குக் கட்டை தலையில் மூன்று தடவை அடித்தது. "குனி" என்று இவர் கத்துகிறார், நான் என்ன என்று கேட்பதற்குள் அடித்துவிடுகிறது. இரண்டு தடவை வாந்தி. லைஃப் ஜாக்கெட் கழுத்தை அறுக்கிறது.

கடலில் இவர் வேறு ஆள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் காற்று எங்கே வருகிறது என்று சொல்கிறார். குரலில் தயக்கமே இல்லை. இருபத்தேழு வருஷம் நான் பார்க்காத மனிதர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்திருந்தார். நன்றாகத்தான் இருந்தார்.

ஜனவரி 25, சனி

இன்று வாந்தி இல்லை. கட்டை ஒரு தடவைதான்.

ஜனவரி 26, ஞாயிறு

எட்டுப் படகு. நல்ல வாடைக்காற்று. வடக்கே மிதவையைச் சுற்றி வர வேண்டும், இரண்டு சுற்று. போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. முன்பாயைப் பிடிப்பதும் பலகையை ஏற்றி இறக்குவதும் என் வேலை.

கொடி விழுந்ததும் "பலகை" என்றார். கயிற்றை விட்டேன். டொக். படகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அப்புறம் முன்னால் போகத் தொடங்கியது. அதைத்தான் சொல்ல வேண்டும், முன்னால் போனது. மற்றவர்கள் எதிர்காற்றில் வளைந்து வளைந்து ஏறுகிற இடத்தில் நாங்களும் ஏறினோம். ஒருவரைத் தாண்டினோம். இன்னொருவரை. முன்பாய்க் கயிற்றை விடாமல் பிடித்திருந்தேன். இவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தண்ணீரில் தனியாக, பாதிப் பலகையோடு, பக்கவாட்டில் நழுவிக்கொண்டே எத்தனை ஞாயிறு இவர் போராடியிருப்பார் என்று நினைத்தேன். கரையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மிதவையில் திரும்பும்போது கட்டை வந்தது. குனிந்தேன்.

இரண்டாவதாக வந்தோம். முதலில் பெப்பின், எங்களுக்கு முன்னால் ஒரு படகு நீளம்.

கொட்டகையில் வடையும் டீயும். கிளப் முழுக்க நின்றது, குடும்பத்தோடு. பெப்பின் வந்து இவர் தோளில் தட்டினார். "என்ன அண்ணே, வைத்தியம் ஏதும் பாத்தியளா? ரெண்டு வருசத்துக்கு முந்தி இந்த ஓட்டம் எங்க போச்சு?"

இவர் சிரித்தார். "பலகைப்பா. செல்மா செஞ்ச பலகை. அதுதான் ஓட்டுது."

எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். முப்பது வருஷப் பெயர் முழுசாக இருந்திருக்கும். டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்த ஓட்டம் எங்க போச்சுன்னு நான் சொல்லுதேன்" என்றேன். "நான் செஞ்ச பலகை கடிச்சுக்கிட்டு பாதியில நின்னுது. மொத நாள்லேருந்து. இவுகளுக்குத் தெரியும். எம்பேரு கெட்டுறக் கூடாதுன்னு யார்ட்டயும் சொல்லாம பதினோரு பந்தயம் தோத்தாக. உந்தம்பிய எறக்கிவிட்டதும் அதுக்குத்தான் பெப்பின். நான் புதுநன்மை வீட்டுல இவுகளச் சொல்லிச் சிரிச்சேன். நீங்களும் சிரிச்சிய. இப்ப எல்லாருக்கும் தெரியட்டும்."

பெப்பின் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிச்சையா அழுதார், அவர் எதற்கும் அழுவார்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வீட்டுப் படி ஏறும்போது இவர் சொன்னார். "ரெண்டு வருசமா நான் கட்டிக் காப்பாத்துனத ஒரு நிமிசத்துல கெடுத்துட்ட."

உண்மையிலேயே கோபம். சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார். இப்படி ஒரு கோபத்தைச் சம்பாதிக்க எந்தப் பொம்பளைக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

ஜனவரி 27, திங்கள்

எட்டு மணிக்குக் கிளப் வாசலில் லாரி. மதுரைக்காரர் வெள்ளைச் சட்டையோடு, நாலு ஆள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இவர் முன்னால் நடந்தார், நான் பத்தடி பின்னால். இன்னும் பேச்சு இல்லை.

ஆட்கள் ஸ்டெல்லாவின் மேல் கை வைத்தார்கள். இவர் கொட்டகைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். பாய்க் கம்பத்தில் கயிறு கட்டினார்கள். முன்பக்கத்தைத் தூக்கினார்கள். உள்ளே பலகை கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது.

"எறக்குங்கப்பா" என்றார் இவர்.

மதுரைக்காரர் திரும்பினார். "என்ன சார், பேசி முடிச்சதுதானே?"

"பேசுனதுதான். மன்னிச்சுக்கிடுங்க. லாரி வந்துபோன செலவ நான் தந்துருதேன்."

"வேற யாரும் கூடக் கேட்டாங்களா? நான் ஏத்தித் தரேன் சார்."

"அதில்ல." இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மதுரைக்காரரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார். "எம்பொண்டாட்டிக்கு இன்னும் திருப்பத்துல சரியாக் குனியத் தெரியல. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போணும். படகு இல்லாம எப்படி?"

நேற்றைக்கு நான் குனிந்தேன். ஒரு அடிகூட வாங்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.